சீமைக்கருவேலத்தைப் பிடுங்குவது பாவமா?

தாமிரபரணிப் பாசனம் எட்டாத மானாவாரி நிலங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவிட்டது. ஆனால் ஒரு பழைய ஜேசிபியையோ சிறிய டிராக்டரையோ விலை பேசும் விவசாயிக்குள், சட்டம் தீர்க்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மண்ணைக் கிளறினால் எத்தனை உயிர் சாகும்?

கேள்வி பழையது. கலப்பையின் இரும்பு நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் காயப்படுத்துகிறது என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் உழவைக் குறைசொல்கிறது. நெல்லைச் சீமையின் கழுகுமலையில் பாறைச் சிற்பங்களை விட்டுச்சென்ற சமணம், நிலத்தைப் பிளக்கும் தொழில்களை இல்லறத்தாரும் தவிர்க்கச் சொன்னது. வள்ளுவரோ உழவுக்குத் தனி அதிகாரமே வைத்துப் போற்றினார்.

இங்கே வள்ளுவர் பக்கமே நியாயம் இருக்கிறது. உண்பவர் எவரும் அந்தக் காயத்தில் பங்காளிதான். உழுதவன் தலையில் மட்டும் அதைக் கட்டுவது அநீதி.

அதற்காக எந்த இயந்திரமும் சரி என்றாகிவிடாது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு தோண்ட ஜேசிபியின் கை வேண்டும். ஆனால் ஏழு டன்னுக்கு மேற்பட்ட அந்த எடை ஈரமண்ணை இறுக்கிவிடும். இரண்டு ஏக்கர்காரர் அதை வாங்க வேண்டியதில்லை. காய்ந்த மண்ணில் தூர் தோண்ட மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. சொந்தமாக வாங்குவது பழைய சிறு டிராக்டராக இருக்கட்டும். ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு, ஹைட்ராலிக்கில் எண்ணெய்க் கசிவு, இரண்டையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம். ஜேசிபி வந்தால், வரப்போரப் பனைகள் அடிபடாதபடி அவற்றை ஓட்டுநருக்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும்.