போரின் காரணமும் கொடியின் பொருளும்

இலங்கையின் உள்நாட்டுப் போர் 1983 ஜூலையில் மூண்டு, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகும் இரண்டு வழக்குகள் ஓயவில்லை. போர் எதனால் வந்தது என்பது ஒன்று. அந்தப் போரில் உயர்த்திப் பிடிக்கப்பட்ட கொடிகளை இன்று எப்படிப் பார்ப்பது என்பது மற்றொன்று. முதலாவதை வரலாற்றாசிரியர்கள் பேசுகிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் காவல்துறையிடமும் நீதிமன்றத்திடமும் போய் நிற்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அறக்கேள்வி: நடந்ததற்கு யார் பொறுப்பு?

காரணம் என்று ஒன்றைச் சொல்லும்போது எந்த வகைக் காரணத்தைச் சொல்கிறோம் என்பதைச் சைவ சித்தாந்தம் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். தண்டும் சக்கரமும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். இலங்கைப் போரைப் பற்றிய சண்டையில் ஒருவர் மண்ணைக் காட்டுகிறார், இன்னொருவர் சக்கரத்தைக் காட்டுகிறார். குயவரைக் காட்டவேண்டிய இடத்தில்தான் எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

மண் என்று சொல்லத்தக்கவை பல. 1833இல் ஆங்கிலேயர் தீவு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தனர். அமெரிக்க மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் அரசு வேலைகளில் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாக இடம் பெற்றனர்; சிங்களக் கிராமத்து இளைஞருக்கு அது நியாயமான மனக்குறையாக இருந்தது. தீவுக்குள் பெரும்பான்மையாக இருந்தும், பாக் நீரிணைக்கு இப்பாலுள்ள தமிழரையும் சேர்த்து எண்ணித் தங்களைச் சிறுபான்மையாக உணரும் அச்சம் சிங்களரிடையே வேரோடியது. புத்த தர்மத்தைக் காக்கவென்றே குறிக்கப்பட்ட தீவு என்ற, பௌத்த வரலாற்று ஏடான மகாவம்சத்தின் கருத்து அந்த அச்சத்துக்குப் புனிதமும் தந்தது. ஆனாலும் இவை எதுவும் தானாகப் போராக மாறிவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்த பெருங்கலவரமான 1915ஆம் ஆண்டுக் கலவரம்கூடச் சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்தது. தமிழர் அதில் ஒரு தரப்பு அல்லர். தொன்மையான இனப்பகைதான் போருக்குக் காரணம் என்பவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

துணைக்காரணங்களைத் தேட வேண்டியதில்லை. அவை சட்டப் புத்தகத்திலேயே இருக்கின்றன. விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1971 முதல் பல்கலைக்கழக அனுமதியில், மொழிவாரியாக மதிப்பெண்களைச் சரிக்கட்டும் தரப்படுத்தல் வந்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்து, சிறுபான்மையினருக்கு முந்தைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தந்த காப்பை நீக்கியது. இவற்றுக்கு எதிரான அறப்போராட்டங்களும் பேச்சுவார்த்தைகளும் பலனின்றிப் போன பிறகே, 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது.

இந்தச் சட்டங்களே போரைத் தவிர்க்க முடியாததாக்கிவிட்டன என்று தமிழ்நாட்டு மேடைகளில் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. சக்கரம் தானே சுற்றாது. ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வழி இருந்தது, அதை யாரோ ஒருவர் மூடினார். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் தமிழருக்குப் பிராந்திய சபைகளைத் தர இருந்தது. 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டுமுன் அமர்ந்து போராட, அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த ஆண்டே அவர் ஒரு பிக்குவின் கையால் சுடப்பட்டு இறந்தார். 1981இல் சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் (நெல்லைச் சீமைக்காரரைத் திடுக்கிட வைக்கும் பெயர் ஒற்றுமை) விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 படைவீரர்கள் இறந்தனர். மறுநாள் முதல் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப்போன கும்பல்களை அரசு தடுக்கவில்லை. அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனே பழியை இடதுசாரிகள்மேல் போட்டு அவர்களின் கட்சிகளைத் தடைசெய்தார். காரணத்தைத் திரிப்பது போரின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது.

குயவரைத் தேடும் கை தமிழர் பக்கத்திலும் நிற்கத்தான் வேண்டும். புலிகள் சக போராளி இயக்கமான டெலோவை 1986இல் அழித்தது, 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் சொந்த ஊர்களிலிருந்து துரத்தியது, சிறுவரைப் படையில் சேர்த்தது, இவை எதையும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலையில் ஏற்ற முடியாது. இறுதிப் போரை ஆராய்ந்த ஐ.நா. நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. பாதுகாப்பு வலயங்கள் என அறிவித்த இடங்களிலும் மருத்துவமனைகள்மீதும் குண்டு வீசியதாக அரசின்மேலும், மக்களைக் கேடயமாகப் பிடித்துவைத்ததாகப் புலிகள்மேலும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உள்ளன என்று அது பதிவு செய்தது. அரசின் குற்றம் பெரியது. மக்களைக் காக்கும் கடமை அரசுக்கே முதலில் உண்டு. அதனால் மற்றவரின் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது.

பௌத்தமும் இதே கேள்வியைச் சந்தித்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியம் தன் இறுதியில் விரிக்கும் பன்னிரு சார்புகள், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது, முதல் கண்ணி பேதைமை என்று காட்டுகின்றன. தொடக்கப் புள்ளி ஒன்றைப் பிடித்து அடுத்தவர்மேல் எறிவதற்கு அந்தத் தத்துவத்தில் இடமில்லை. ஆனால் மகாவம்சமோ வேறொன்றும் சொல்கிறது. தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு, மாண்டுபோன உயிர்களை நினைத்து வருந்தியபோது, அருகதர்கள் என்னும் பௌத்த ஞானத் துறவிகள் வந்து அவனைத் தேற்றினார்களாம்: கொல்லப்பட்டவர்களில் ஒன்றரைப் பேரே மனிதராக எண்ணத்தக்கவர், ஒருவர் மும்மணிகளைச் சரணடைந்தவர், மற்றவர் ஐந்து சீலங்களையும் ஏற்றவர் என்று. கொல்லாமையை முதல் சீலமாகக் கொண்ட சமயத்தின் ஏட்டில் இந்த வரி இருப்பது பௌத்தரையே உறுத்த வேண்டியது. அதை உறுத்தலோடு எழுதிய சிங்கள அறிஞர்களும் உண்டு.

அதே ஏட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எல்லாளன் விழுந்த இடத்தில் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி, அதைக் கடந்து போவோர் வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். சுமார் 2000 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆணைக்கு உயிர் இருந்தது. 1818இல் ஆங்கிலேயருக்கு எதிரான கிளர்ச்சி தோற்றுத் தப்பியோடிய கண்டிப் பிரபு பிலிமத்தலாவ, நடக்கத் தெம்பில்லாத நிலையிலும் பல்லக்கை விட்டிறங்கினார். இடம் சரியாகத் தெரியாததால், அதைத் தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே போனார். எதிரி மன்னனுக்கு ஒரு சிங்களப் பிரபு தந்த மரியாதை இது. 20ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் பரணவிதான, எல்லாளன் சமாதி என்று நம்பப்பட்ட மேட்டைத் தக்கிண தூபி என்று அடையாளம் காட்டினார். ஆய்வு சரியாகவே இருக்கலாம். ஆனால் பகைவனை வணங்கும் வழக்கத்துக்கு இருந்த ஒரே இடமும் அத்தோடு போயிற்று. பெயர்கள் மட்டும் போருக்குத் திரும்பின. 2007இல் அனுராதபுரம் விமானத் தளத்தைத் தாக்கிய புலிகள் அந்தத் தாக்குதலுக்கு எல்லாளன் பெயரை வைத்தனர். 2009க்குப் பிறகு, போரை வென்ற குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்சவைத் துட்டகைமுனு என்று புகழ்ந்தவர்கள் பலர்.

இனி கொடிகளுக்கு வருவோம். இலங்கையின் தேசியக் கொடியான சிங்கக் கொடியின் கதை தமிழருக்கு அவ்வளவாகத் தெரியாதது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடி அது. அவன் மதுரையோடு உறவுடைய நாயக்கர் மரபினன், 1815இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் அங்கேயே இறந்தவன். அந்தக் கொடியையே விடுதலை பெறும் நாட்டின் கொடியாக்கலாம் என்று 1948 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவர் மட்டக்களப்பு முஸ்லிம் உறுப்பினர் சின்னலெப்பை. எதிர்ப்பு எழவே குழு அமைந்தது. 1951இல் தமிழருக்குக் காவி நிறப் பட்டையும் முஸ்லிம்களுக்குப் பச்சைப் பட்டையும் சேர்க்கப்பட்டன. ஆனால் அவை சிங்கம் நிற்கும் களத்துக்கு வெளியே நின்றன. குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் இதை ஏற்காமல் மாறுபட்டார். 1972இல் களத்தின் நான்கு மூலைகளிலும் அரசிலை வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே, 1957 சுதந்திர நாளில், திருகோணமலையில் கறுப்புக் கொடி கட்டப் போன நடராசன் என்ற இளைஞர் சுடப்பட்டு இறந்திருந்தார்.

புலிக்கொடியில் சிக்கல் வேறு விதமானது. 1970களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்த சின்னம் முதலில் ஓர் இயக்கத்தின் சின்னம் மட்டுமே. 1990இல் இயக்கத்தின் பெயர் எழுத்துகளை நீக்கிவிட்டு, அதைத் தமிழீழத் தேசியக் கொடி என்று புலிகளே அறிவித்தனர். சோழரின் புலி, ஆயிரம் ஆண்டு மரபு என்று ஆதரவாளர் சொல்வது இந்தக் கொடிக்குத்தான். அந்த மரபு உண்மை. ஆனால் 1990ஆம் ஆண்டு ஊரை விட்டு இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொல்லப்பட்ட முஸ்லிம் குடும்பம் அந்தக் கொடியில் இராசேந்திர சோழனைப் பார்க்காது.

அப்படியானால் கொடியின் பொருளுக்கு உரியவர் யார்? பிடிப்பவரா, பார்ப்பவரா? தென்காசி, நெல்லை மாவட்டத்தார் இந்தக் கேள்வியை வெளியே தேட வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் நிறக்கயிறு கோயில் கயிறுதான் என்று கட்டியவன் சொல்வான். எதிர் வகுப்புப் பையனுக்கு அது சாதியின் அறைகூவல். நாங்குநேரியில் 2023இல் மாணவர்மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கட்டியவனின் மனத்தில் இருப்பது முழுப் பொருள் ஆகாது என்பதே அதன் அடிப்படை.

நீதிமன்றங்கள் இதில் இரண்டு வழியில் போயிருக்கின்றன. 2002 ஜூனில் திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக, தென்காசி மாவட்டத்துக் கலிங்கப்பட்டியைச் சேர்ந்த வைகோ பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகிப் பல மாதங்கள் சிறையிருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இல்லாமல் வெறும் தார்மீக ஆதரவு தருவது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்றது. மறுபுறம், அங்கே தடைசெய்யப்பட்ட குர்திஷ் தொழிலாளர் கட்சியின் கொடி வழக்கில் 2022இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஏந்தியவரின் நோக்கம் தேவையில்லை, அவர் அந்த இயக்கத்தின் ஆதரவாளர் என்ற நியாயமான சந்தேகம் பார்ப்பவருக்கு எழுந்தாலே போதும் என்றது. தண்டனை என்று வந்தால் இந்தியத் தீர்ப்பே நேர்மையானது. மனத்தில் இல்லாத குற்றத்துக்கு யாரையும் சிறைவைக்கக் கூடாது. அறம் என்று வந்தால் சட்டம் நின்ற இடத்தில் நிற்க முடியாது. கொடியைப் பிடிப்பவர் அதன் நிழலில் நடந்த எல்லாவற்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வெற்றி விழாவில் சிங்கக் கொடி அசைத்தவருக்கும் இது பொருந்தும்.

கோயில் கொடிக்கு இந்தச் சிக்கல் வராமைக்கு ஒரு காரணம் உண்டு. தென்காசி காசிவிசுவநாதர் கோயிலில் திருவிழாவின் முதல் நாள், கொடிமரத்தில் தர்ப்பையும் மாவிலையும் கட்டி ரிஷபக் கொடி ஏற்றுகிறார்கள். ஏற்றும்போதே இறக்கும் நாளும் குறிக்கப்பட்டிருக்கிறது. இறக்குவதற்கும் பூசை உண்டு, இறக்கினால் யாருக்கும் தோல்வி இல்லை. போர்க்கொடிக்கு இறக்கும் சடங்கு கிடையாது. பிடுங்கப்படும்போது மட்டுமே அது இறங்குகிறது, அதனால்தான் மறுபடி ஏறவும் துடிக்கிறது.

போர்க்கொடியை இறக்கும் சடங்கைப் போரில் வென்றவர்தான் தொடங்கிவைக்க முடியும். இலங்கை அரசு நேர்மாறாகச் செய்தது. இறந்த புலிகளின் கல்லறைத் தோட்டங்களான துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னமும் இடிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே சில மாதங்களில் மீண்டும் கட்டப்பட்டது. நடுகல்லுக்குப் பூச்சூடிய மரபில் வந்த தாய்க்கு மகனின் கல்லறையை மறுத்தால், அவள் கையில் மிஞ்சுவது கொடி ஒன்றுதான். துக்கத்துக்கு இடம் தந்திருந்தால் கொடியின் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். இதில் பெரும்பிழை கொழும்பினுடையது.

தமிழ்நாட்டின் பிழை வேறு. இங்கே புலிச் சின்னம் ஏந்துவதற்கு யாரும் வீட்டையோ பிள்ளையையோ விலையாகக் கொடுப்பதில்லை. கொடுத்தவர்கள் இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரின் வழித்தோன்றல்கள். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, நாற்பதை நெருங்குபவர்களில் பலருக்கும் இந்தியக் குடியுரிமை எட்டாக்கனி. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களையே கணக்கில் கொண்டது, இலங்கையைச் சேர்க்கவில்லை. கொடிக்காக வாதாடும் தமிழர் எவரும் முதலில் வாதாட வேண்டியது இவர்களின் குடியுரிமைக்காக.