இரண்டாவது சொம்பு

எழுந்ததும் குழாயைத் திறந்து முகம் கழுவியிருப்பீர்கள். திறந்தால் தண்ணீர் வராத ஓர் ஊருக்குப் போன கதை இது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரியில், இமாசலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குக் காரில் போனோம். கோடையில் மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாகப் போய்விடலாம். குளிர்காலத்தில் கணவாய் மூடிவிடும். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுற்றிப் போவதுதான் கதி. சட்லெஜ் ஆறு வெகுதூரம் கூடவே வருகிறது. காப் என்ற இடத்தில் அதை விட்டுவிட்டு, அதில் வந்து சேரும் ஸ்பிதி ஆற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் மரம் அபூர்வம். மொட்டை மலை, பனி, அவ்வளவுதான்.

நாக்கோ என்ற ஊரைத் தாண்டியதும் பனி கொட்ட ஆரம்பித்தது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, டயருக்குச் சங்கிலி மாட்ட இறங்கினார். கையுறையோடு கொக்கி மாட்ட வராது. கழற்றினால் விரல் மரத்துப்போகும். மாட்டுவார், கையை வாயில் வைத்து ஊதுவார், மறுபடி மாட்டுவார். நான் டார்ச் அடித்ததோடு சரி. "சனியன், இந்தப் பனி நிற்காதா பாயி" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் புலம்பினேன். அவர் பதில் பேசவில்லை.

இரவு தாபோவில் ஒரு வீட்டில் தங்கினோம். 996-ஆம் ஆண்டில் எழுந்த மண் மடாலயம் இன்னும் நிற்கிற ஊர். மழை அரிதான சீமை என்பது அதற்கு ஒரு காரணம். வீட்டின் நடு அறையில் தகர அடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு புகைக்குழாய். தந்தூர் என்கிறார்கள், ரொட்டி சுடுகிற தந்தூர் அல்ல. குளிர்காலம் முழுக்கக் குடும்பமே அதைச் சுற்றித்தான் வாழ்கிறது. கழிப்பறையிலும் தண்ணீர் கிடையாது. சாம்பலும் மண்ணும் தூவினால் போதும், வசந்தத்தில் வயலுக்கு எருவாகிவிடும்.

வீட்டம்மா "ஜூலே" என்று வரவேற்று, கைகால் கழுவ ஒரு சொம்பு வெந்நீர் கொடுத்தார். சுகமாக இருந்தது. இன்னொரு சொம்பு கேட்டேன். முகம் மாறாமல் கொடுத்தார்.

விடிந்ததும் வெளியே வந்தால், அதே அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி வருகிறார். குழாய்களெல்லாம் உறைந்து கிடக்கின்றன. கீழே ஓரிடத்தில் மட்டும் உறையாமல் தண்ணீர் ஓடுகிறது. வழுக்காமலிருக்க வழியெல்லாம் சாம்பல் போட்டிருந்தது. கேனின் வாயைச் சுற்றி ஐஸ் கட்டியிருந்தது. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். எனக்கே முந்தைய இரவு உறைக்கவில்லை.

கேனை வாங்கினேன். 3,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரம்; இருபது அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. "பனி உங்களுக்குத் தொல்லையாக இல்லையா அம்மா?" என்றேன். சிரித்துவிட்டார். பனி விழாத வருஷம்தான் தொல்லையாம். மேலே மலையில் விழுந்தது கோடையில் உருகி, கூல் என்று அவர்கள் சொல்கிற வாய்க்கால்களில் இறங்கினால்தான் பட்டாணிக்கும் ஆப்பிளுக்கும் தண்ணீர். அங்கே மழையை நம்பி யாரும் விதைப்பதில்லை.

ஓட்டுநர் பக்கத்தில் நின்று கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் கின்னௌரில் ஆப்பிள் மரங்கள் உண்டு என்று அப்போதுதான் சொன்னார். சாலையில் நான் திட்டியது அவருடைய பாசனத் தண்ணீரை.

குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால், காலையில் ஒரு கேன் தண்ணீர் நீங்கள் போய் எடுத்து வாருங்கள். இரண்டாவது சொம்பு கேட்காதீர்கள். கேட்டால் இல்லையென்று சொல்ல அவர்களுக்கு வராது.