இரண்டாவது விசில்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு கே.கே. நகரில் ஒரு டர்ஃபில் ஆடுவோம். பாதிப்பேர் என்னைப் போல ஐடி ஆட்கள், மீதி கல்லூரிப் பையன்கள். போன மாதம் ஒரு பையனைப் பின்னாலிருந்து தட்டிவிட்டேன். ஃபவுல்தான், மறுக்கவில்லை. 'ஸாரிப்பா' என்று கைகொடுத்து அவனைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே அவன் கூட்டாளி ஃப்ரீ கிக்கை உதைத்துவிட்டான். கோல்!

"ஃபவுலுக்கு அடிச்சதோட சரி, அடுத்த விசில் வரவே இல்லையே?"

"எதுக்குண்ணா விசில்? நாங்க கேக்கலையே."

இதே சண்டை பெரிய மேடையில் நடந்திருக்கிறது. 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் நாக்அவுட். கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா பிளாஸ்டர்ஸ் கீப்பர் சுவரை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் போட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் பெங்களூருக்கு. பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டதாக சேத்ரி பிறகு சொன்னார்.

அன்று நான் கேரளா பக்கம். 'கோழைத்தனம்' என்றுகூட நண்பர்களிடம் சொன்னேன். விதிப்புத்தகத்தைப் படித்தது அப்புறம்தான்.

எங்கள் தொழிலில் 'டீஃபால்ட்' என்போம்: யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக நடப்பது. ஃப்ரீ கிக்கில் விசிலுக்குக் காத்திருப்பதுதான் டீஃபால்ட் என்று டிவி நம்மைப் பழக்கிவிட்டது. உண்மை தலைகீழ். எதிரணியை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்டால், கார்டு காட்டினால், யாருக்காவது அடிபட்டால், ஆள் மாறினால் விசில் வேண்டும். இல்லையென்றால் பந்து அசையாமல் நின்றால் போதும். தூரத்தைக் கேட்பது அடிபட்ட அணியின் உரிமை. கேட்காமல் விடுவதும் அதன் உரிமைதான். சுவரை அடுக்கி முடிக்கும்வரை எதிரணி பொறுத்திருக்க வேண்டும் என்று எந்த வரியும் இல்லை. பந்துக்கு முன்னால் வேண்டுமென்றே நின்று மறிப்பவருக்குத்தான் மஞ்சள் அட்டை. அதைத்தான் நாங்கள் எல்லோரும் வாராவாரம் கூசாமல் செய்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். தப்பு செய்தவன் தன் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொள்ளும்வரை, அடிவாங்கியவன் வாசலில் நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்? வாடகை அட்வான்ஸைத் திருப்பித் தராத ஹவுஸ் ஓனரிடம் 'கொஞ்சம் டைம் குடுங்க சார்' என்று கேட்டவனாக நானும் நின்றிருக்கிறேன். டைம் கேட்க வேண்டியவர் அவரல்லவா!

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நான் சுவர் அடுக்கவில்லை, பந்தை மறிக்கவில்லை. விழுந்தவனுக்குக் கைகொடுத்தேன். அதற்கும் இடமில்லாத விதி நல்ல விதியா?

அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டே கேட்டான்: "எனக்குத்தான் அடியே படலையேண்ணா. நானே எந்திரிச்சிருப்பேன். எதுக்கு அவ்ளோ நேரம் கையைப் புடிச்சிட்டு இருந்தீங்க?"

அன்பினால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நொடியில் எங்கள் கோல் முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது.