மதகும் மிடறும்
கோதையாற்றின் குறுக்கே 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை நிறைந்திருந்தாலும், மதகு திறந்து நீர் கால்வாய் வழியே வயலை எட்டினால்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல்லும் விளையும். ஏட்டில் தேங்கிய இசையின் நிலையும் அதுவே. பண்முறையில் தொகுக்கப்பட்ட தேவாரத்தைப் போலவே, சீக்கியரின் திருநூலான குரு கிரந்த் சாகிபின் பெரும்பகுதியும் 31 முதன்மை இராகங்களின் வரிசையில் அமைந்தது. ஆயினும் பக்கத்தின் தலைப்பில் எழுதப்பட்ட இராகப் பெயர், பயிலாதவருக்கு வெறும் எழுத்தே. ஆர்மோனியத்தின் எளிமைக்கு முன் ஒதுங்கிப்போன ரபாப் என்னும் நரம்புக் கருவியையும், மயில் வடிவில் வில்லால் இசைக்கப்படும் தவுஸையும், செவ்வியல் இசை பயிலும் சீக்கிய இளையோர் சிலர் இன்று மீண்டும் ஏந்திப் பாடுகையில், அந்த இராகப் பெயர் மிடற்றில் உருப்பெறுகிறது.