கைமாறும் செல்லாக்காசு

2024 ஒக்டோபரில் கண்டிக்கு அடுத்த குண்டசாலையில் ஒரு விடுதியைப் பொலிஸார் சுற்றிவளைத்தபோது நூறு பேருக்கும் மேற்பட்ட சீன நாட்டவர்கள் பிடிபட்டார்கள். இணையவழிப் பண மோசடி என்பது குற்றச்சாட்டு. நம் மலைக்குள் வந்து உட்கார்ந்து உலகத்தை ஏமாற்றினார்களே என்று மகாவலிக்கு இந்தப் பக்கம் அம்பிட்டிய வரைக்கும் கோபம் எழுந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் இந்தக் கோபம் எழும் தேநீர் மேசையிலேயே இன்னொரு கதையும் பேசப்படுகிறது. இணைய விளம்பரம் பார்த்து வாகனம் வாங்கி ஏமாந்த ஒருவர், வாய் திறக்காமல் அதை மற்றொருவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிய கதை. முதற்கதையில் வருபவன் கள்ளன். இரண்டாவதில் வருபவர் கெட்டிக்காரர்.

இந்தக் கெட்டித்தனம்தான் மனத்தை உறுத்துகிறது. ஏமாந்து வாங்கிய பொருளை, அதன் குறை தெரிந்த பிறகு, மறைத்து விற்கலாமா? கூடாது. விற்றால் அது களவு. முதலில் ஏமாற்றியவன் செய்ததற்கும் இதற்கும் அறத்தின் முன் ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை.

நடப்பது என்னவென்று முதலில் பார்ப்போம். இலங்கை வீதிகளில் ஓடும் பாவித்த வாகனங்களில் ஏராளமானவை ஜப்பானிய ஏலங்களில் எடுக்கப்பட்டவை. அங்கே பரிசோதகர் ஒவ்வொரு வண்டிக்கும் ‘ஒக்ஷன் சீட்’ என்ற ஒரு தாள் எழுதுவார். ஓடிய கிலோமீற்றர் அதில் இருக்கும். வண்டியின் வரைபடத்தில் கீறலுக்கு ‘ஏ’, நெளிவுக்கு ‘யூ’, திருத்திய இடத்துக்கு ‘டபிள்யூ’ என்று குறிகள் இருக்கும். தரப்புள்ளி 4.5 என்றால் நல்ல வண்டி. ‘ஆர்’ என்றால் அடிபட்டுத் திருத்தியது. ‘ஒக்ஷன் சீட் இருக்கா?’ என்பதுதான் இன்று வாங்குபவர் கேட்கும் முதற்கேள்வி. கேள்வி பொதுவானதும் போலித் தாளும் பொதுவாகிவிட்டது. ‘ஆர்’ இருந்த இடத்தில் 4.5 போட ஒரு கணினி போதும். மீற்றரைப் பின்னுக்குச் சுற்ற இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைக்குக் கை மாறின. பழைய வண்டி, வாங்கிய விலைக்கு மேலே விலைபோனது. பொய்க்கு இதைவிட நல்ல பருவம் கிடைக்காது.

அம்பிட்டியவில் ஒரு குடும்பம் அப்படி ஒரு ஹைப்ரிட் வண்டியை வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். படங்கள் பளபளப்பு, மீற்றர் குறைவு, சீட்டும் இருக்கிறது. கொழும்பின் சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. கண்டி வாவியைத் தாண்டி ஏற்றத்தில் ஏறத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கராஜ்காரர் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, வண்டியைக் காட்டுவதற்கு முன்னே பிழைக்குறிகளை அழித்திருக்கிறார்கள், பெட்டரி முடியும் நிலை என்கிறார். செசி இலக்கத்தைக் கொடுத்து அசல் ஏலத்தாளை எடுத்தால் மீற்றரின் பொய்யும் தெரிகிறது. விற்றவரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. லீசிங் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வருகிறது. அப்போது உறவுக்காரர் ஒருவர் சொல்வார்: “பேசாம நீங்களும் பிழையை அழிச்சிட்டு ஒரு விளம்பரத்தப் போடுங்க. உங்களுக்குச் செஞ்சதத்தானே நீங்க செய்யிறீங்க?”

அந்த யோசனையின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. குடும்பம் பிழை செய்யவில்லை. இழப்பு அவர்கள் மேல் சுமத்தப்பட்டது. பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறைத்துத் தவணை கட்டுபவரிடம் அறம் பேசுவது எளிது. அதோடு, வாங்குபவரும் கண்ணைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். சரி, இவ்வளவும் உண்மை. ஆனால் இவை இழப்பின் வலியைக் காட்டுகின்றன. அந்த இழப்பை, ஒரு தவறும் செய்யாத மூன்றாவது ஆளிடம் வாங்கிக்கொள்ளும் உரிமை எங்கிருந்து வந்தது என்று மட்டும் காட்டுவதில்லை.

வள்ளுவர் இந்த இடத்தில் ஈவிரக்கமே காட்டவில்லை. பெற்ற தாய் பசித்திருப்பதைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது 656ஆம் குறள். லீசிங் தவணை தாயின் பசியைவிடப் பெரிதல்ல. அதே வினைத்தூய்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், வஞ்சகத்தால் பொருள் சேர்ப்பதைச் சுடாத மண்பாத்திரத்தில் நீரூற்றி வைப்பதோடு ஒப்பிடுகிறது. நடுவு நிலைமை அதிகாரம் வணிகருக்கென்றே 120ஆம் குறளை ஒதுக்கி, பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேணுவதே வாணிகம் என்கிறது. அந்த அதிகாரத்திலேயே இன்னொரு குறள், நன்மையே தருவதானாலும் நடுநிலை தவறி வரும் ஆக்கத்தை அன்றைக்கே விட்டுவிடச் சொல்கிறது. உறவுக்காரர் படித்தவரானால் 292ஐ எடுத்துப் போடுவார்: குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே சொல்லவில்லையா? சொன்னார். ஆனால் குற்றமற்ற நன்மை என்றார். ஒருவர் வீட்டு நட்டத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதில் குற்றமற்றது எது?

பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பழிக்கு அஞ்சி உண்மை பேசுபவர்கள். கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் விற்பவர்கள். கடல் கடந்து வந்த முன்பின் தெரியாத ஆளிடமும் அதே பேச்சு என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. திரைக்கு அப்பால் இருக்கும் முகம் தெரியாத வாங்குபவரும் அந்த அந்நியர்தான்.

நம் அயலவர்களின் நூல்களும் வேறு மாதிரிச் சொல்லவில்லை. சிங்கள வீடுகளில் தெரிந்த ஐந்நூற்றைம்பது ஜாதகக் கதைகளில் மூன்றாவது, சேரிவாணிஜ ஜாதகம். வாழ்ந்து கெட்ட வீட்டில் ஒரு பாட்டியும் பேத்தியும் இருக்கிறார்கள். அழுக்கேறிக் கறுத்த ஒரு பாத்திரம் இருக்கிறது. பேத்திக்கு ஓர் ஆபரணம் வாங்க அதைக் கொடுக்க முன்வருகிறார்கள். முதலில் வந்த வியாபாரி ஊசியால் கீறி அது பொன் என்று கண்டுகொண்டு, ஒன்றுக்கும் உதவாது என்று எறிந்துவிட்டுப் போகிறான், சும்மா வாங்கிவிடும் எண்ணத்தில். பின்னால் வந்த போதிசத்துவ வியாபாரி, இது இலட்சம் பெறும், அதற்கீடான பொருள் என்னிடம் இல்லை என்று உள்ளதைச் சொல்லி, கையிருப்பு முழுவதையும் கொடுத்து வாங்குகிறான். படகுக் கூலிக்கு எட்டுக் காசும் தராசும் பையும் மட்டும் கேட்டுப் பெறுகிறான். பாட்டிக்குத் தெரியாததைத் தனக்குத் தெரிந்த உடனேயே சொன்னான். கேட்கும் வரை காத்திருக்கவில்லை. முஸ்லிம் அயலவரிடம் கேட்டால், நபிகளார் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட செய்தியைச் சொல்வார்கள். மழையில் நனைந்தது என்றான் வணிகன். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்பது நபிகளாரின் கேள்வி.

அம்பிட்டியவுக்கென்றே ஒரு சாட்சியும் உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருக்களைப் பயிற்றுவிக்கப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் நிறுவிய குருமடம் இந்த மலையில்தான் இருந்தது. 1955இல் அது பூனேக்குப் போனது. இன்று தேசிய குருமடம் இங்கே இருக்கிறது. அதே சிங்கராயர்தான் 1879இல், குருமடப் படிப்பின் நடுவில் இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸை வைக்கும்படி எழுதியவர். அந்த அக்குவினாஸ், விற்பவன் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற கேள்விக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது பார்த்தாலே தெரியும், சொல்லத் தேவையில்லை. மறைந்திருக்கும் குறை வாங்குபவருக்கு ஆபத்தோ நட்டமோ தருமானால் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அழிக்கப்பட்ட பிழைக்குறி குதிரையின் கண்ணைப் போன்றதல்ல.

இவை எல்லாவற்றையும் விட நேராக நம் கேள்வியைத் தொட்டவர் உரோமச் சிந்தனையாளர் சிசரோ. கி.மு. 44இல் மகனுக்கு எழுதிய ‘கடமைகள்’ நூலில் அவர் ஒரு புதிர் வைக்கிறார். அறிவுடையவன் ஒருவன் தெரியாமல் கள்ளக்காசை வாங்கிவிட்டான். பிறகு தெரிந்துகொண்டான். அதையே நல்ல காசென்று தன் கடனுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்றார் தத்துவஞானி தியோஜெனிஸ். கூடாது என்றார் இன்னொரு தத்துவஞானியான அந்திபாத்தர். சிசரோ அந்திபாத்தர் பக்கம் நின்றார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்த வழக்கு இது. அறியாமல் வாங்கியவர் ஏமாந்தவர். அறிந்து கொடுப்பவர் ஏமாற்றுபவர். இரண்டுக்கும் நடுவில் நின்றது ஒரு ஸ்கேனர் பரிசோதனை மட்டுமே.

‘நான் பொய் சொல்லவில்லையே, அவர் கேட்கவில்லை’ என்பது இன்னொரு ஒதுங்குமிடம். 2000 மே மாதம் ஈபே ஏலத்தில் கென்னத் வால்டன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் ஓர் ஓவியத்தை 25 சதத்தில் தொடக்கிவைத்தார். புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபன்கோர்னின் பெயரை அவர் எங்கும் சொல்லவே இல்லை. வீட்டு முற்றத்து விற்பனையில் எடுத்தது, பிள்ளை ஓட்டை போட்டுவிட்டது என்று அப்பாவிக் குடும்பஸ்தனைப் போல எழுதினார். படத்தின் ஓரத்தில் ‘ஆர்.டி. 52’ என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. ஏலக் கேள்வி 135,805 டொலர் வரை ஏறியது. குடும்பக் கதை கட்டுக்கதை. எழுத்தையும் அவரே தீட்டியிருந்தார். கூட்டாளிகளோடு சேர்ந்து விலையை ஏற்றிவிட்டதும் பின்னால் வெளிவந்தது. வாங்குபவரைத் தானாகவே தவறான முடிவுக்கு வரவிடுவதும் பொய்தான். சிசரோவின் நூலில் வரும் சிரக்கூசு நகரத்துப் பித்தியஸ், தோட்டத்தை விற்பதற்காக மீனவர்களைக் கூப்பிட்டு ஒருநாள் மட்டும் தன் வாசலில் மீன் பிடிக்கவைத்தான். மறுநாள் ஒரு படகும் இல்லை. விளம்பரப் படத்துக்கு முதல்நாள் மெழுகு பூசுவதும் அந்த மீன்பிடிப்புதான்.

சட்டம் இங்கே பாதி உதவுகிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் தரம் பற்றிப் பேசும்போது, அந்தப் பொருளை வியாபாரமாகச் செய்பவரையே பெரிதும் பிடிக்கிறது. 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் வர்த்தகர் மீதான முறைப்பாட்டுக்கே அதிகம் பயன்படும். தன் ஒரே வண்டியை விற்கும் வீட்டுக்காரர் இந்த வலைகளின் கண்ணால் நழுவிவிடக்கூடும். ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு, ஏமாற்றுதலுக்கு வரைவிலக்கணம் சொல்லும்போது, நேர்மையீனமாக உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதலே என்று விளக்கம் தருகிறது. பேசாமல் இருந்தேன் என்பவருக்கு அங்கே ஒதுங்க இடமில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதிய கட்டுரை எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார் சந்தைதான். எது நல்லது, எது பழுது என்று வாங்குபவருக்குப் பிரித்தறிய முடியாதபோது எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி விலையையே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்காமல் ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது பழுதுகள்தான். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதன் உள்ளூர்ப் பொருள்: மீற்றர் சுற்றாத வண்டியை விற்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும், செய்யாத களவுக்கு விலைக்கழிவு கொடுக்கிறார்.

எனவே அந்தக் குடும்பம் பொலிஸில் முறைப்பாடு செய்யட்டும், விற்றவரைத் தேடட்டும், தேவையானால் வழக்கும் போடட்டும். வண்டியை விற்கவும் செய்யலாம். விற்பதை யாரும் தடுக்கவில்லை. விளம்பரத்துக்கு நாலு வரி போதும்: “வெளிக்கூடு நல்லது. மீற்றர் 62,000 காட்டுகிறது, ஏலத்தில் இருந்தது 118,000. பெட்டரி மாற்ற வேண்டும். அசல் ஒக்ஷன் சீட் கையில் இருக்கிறது.” தொலைபேசி அதிகம் அடிக்காது. அடிப்பவர்களில் ஒருவர் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து கராஜ்காரராக இருக்கலாம். அவர் பெட்டரியின் விலையைக் கழித்து ஒரு தொகை சொல்வார். குடும்பம் எதிர்பார்த்ததைவிட அது சில இலட்சம் குறைவாக இருக்கும். வண்டியோடு அந்தச் சீட்டையும் கையில் கொடுக்க வேண்டும்.