இன்பச் சுற்றுலா யாருக்கு?

"வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய் வரலாமா?" என்று வீட்டில் ஒருவர் வாய் திறந்துவிட்டால் போதும். தருமபுரி மாவட்டத்து முஸ்லிம் இல்லங்களில் அந்த வாரம் முழுவதும் அதே பேச்சுத்தான். பையன்கள் இப்போதே பரிசலில் ஏறிவிட்டதுபோல் துள்ளுவார்கள். அத்தா வேனுக்கு வாடகை பேசுவார். அம்மாவோ அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பார்; எத்தனை பேருக்குச் சோறு கட்ட வேண்டும் என்ற கணக்கு அங்கே தொடங்கிவிடும். ஒரே பயணந்தான், ஆனால் ஒருவருக்கு அது அருவியாகவும், இன்னொருவருக்கு அது அடுப்பாகவும் தோன்றுகிறது. இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுவோம். மகிழ்ச்சிக்காக மட்டுமே ஓரிடத்துக்குப் போகிறோம் என்று சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். "ஸியாரத்துக்குப் போகிறோம், வழியில் அப்படியே தண்ணீரையும் பார்த்துவிட்டு வருவோம்" என்றோ, "உறவுக்காரர் வீட்டு விசேஷம், அங்கிருந்து பக்கந்தான்" என்றோ ஒரு காரணத்தைத் தேடிப் பிடிப்போம். பெரியவர்களில் சிலர் விளையாட்டு என்றாலே வீண் என்று முகம் சுளிப்பதும் இதற்குக் காரணம். அவர்களுடைய அச்சத்தை நாம் அடியோடு தள்ளிவிடவில்லை. தொழுகையை மறக்கடிக்கும் கேளிக்கையும், கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரமும் வீண்தான். ஆனால் அல்லாஹ் படைத்த ஆற்றையும் காட்டையும் மனைவி மக்களோடு போய்ப் பார்ப்பதற்குப் பொய்க் காரணம் எதற்கு? நிய்யத்தை நேராகவே வைத்துக்கொள்ளலாமே!

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சொல்லும்போது, ஓதிப் படித்து முடித்த பிறகு பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், விளையாடவே விடாமல் சதா படிப்பிலேயே அழுத்தி வைத்தால் அதன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கிவிடும் என்றும் தமது இஹ்யாவிலே எச்சரித்திருக்கிறார்கள். தஸவ்வுஃபின் ஆழம் கண்ட ஒருவர் சொன்ன சொல் இது. ஆகவே, போகலாமா கூடாதா என்பதில் நாம் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. நம்முடைய கேள்வி வேறு. போகும் அந்த ஒருநாள் மகிழ்ச்சி வீட்டிலுள்ள யாருக்கு உரியது?

நாமும் குற்றமற்றவர்களாக இதைக் கேட்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். நம் வீட்டுப் பெண்கள் முதல்நாள் இரவே எழுந்து சமைத்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு மரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து, செருப்புகளையும், பைகளையும், கைக்கடிகாரங்களையும், கைக்குழந்தையையும் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, நாமும் பையன்களும் நீராடப் போனோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டோம், அருவியில் நின்றோம், பரிசலில் போனோம். திரும்பி வந்ததும் பசி. அவர்கள் பரிமாறினார்கள், சாப்பிட்டோம், பாத்திரங்களைக் கழுவினார்கள். நாம் மணியைப் பார்த்து, "இருட்டுவதற்குள் மலைப்பாதையைத் தாண்டிவிட வேண்டும், கிளம்புங்கள்" என்றோம். பென்னாகரம் வரும்வரை நம் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண் தன் தம்பியை ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்: "பரிசலைச் சுத்தி விட்டாங்களே, அப்ப எப்படிடா இருந்துச்சு?" அவன் சொல்லச் சொல்ல மறுபடியும் கேட்டாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று நாம் சொன்னால் மிகையாகிவிடும்; களைப்பில் நன்றாகவே தூங்கினோம். ஆனால் அந்தக் கேள்வி பிறகு நம்மை விடவில்லை.

புகாரீ ஷரீஃபிலே வரும் ஒரு நிகழ்ச்சி நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு விளையாடினார்கள். அதைக் காண நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் பின்னால் நிறுத்தி மறைத்துக்கொண்டார்கள். விளையாட்டு ஆகும் என்பதற்கு ஆதாரமாகத்தான் இதைப் பெரும்பாலும் எடுத்துச் சொல்லுகிறோம். ஆனால் அதில் இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றார்கள்? அன்னையவர்கள் சலிக்கும் வரை நின்றார்கள். போதுமா என்று கேட்டு, போதும் என்று அவர் சொன்ன பிறகே அங்கிருந்து நகர்ந்தார்கள். இளம் பெண்ணொருத்தியின் விளையாட்டு ஆவல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள் என்று அன்னையவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அது குறுகிய நேரமல்ல. உலகத்தின் பொறுப்பைச் சுமந்த ஒரு பெருமானார், ஓர் இளம் பெண்ணின் கண்கள் நிறையும்வரை கால் கடுக்க நின்றார்கள். யாருடைய களைப்பைக் கொண்டு அந்த நாளின் முடிவு அளக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். நம் பயணங்களிலோ யாருடைய கைக்கடிகாரம் முடிவு செய்கிறது?

இன்னொரு நிகழ்ச்சி ஓட்டப் பந்தயம். ஒரு பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு அன்னையவர்களோடு ஓடினார்கள், அன்னையவர்கள் முந்தினார்கள். பல காலம் கழித்து மறுபடி ஓடியபோது நாயகம் முந்தி, இது அதற்கு ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள் என அபூதாவூதிலும் பிற நூல்களிலும் வருகிறது. கூட வந்தவர்களை முன்னே அனுப்பியதை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். மறைவும் காக்கப்பட வேண்டும், அவரும் ஓட வேண்டும். அதற்காக அன்னையவர்களை உட்கார வைக்கவில்லை; ஆண்களை அப்புறப்படுத்தினார்கள்! நாமோ ஹயாவின் பெயரைச் சொல்லி எப்போதும் பெண்களைத்தான் மரத்தடியில் உட்கார வைக்கிறோம். எழுந்து நகர வேண்டியவர்கள் நாமாகவும் இருக்கலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை.

"அவர்களே வேண்டாம் என்கிறார்களே, நாம் என்ன செய்வது?" என்று சில சகோதரர்கள் கேட்கக்கூடும். மெய்தான். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லுவதை நாமும் கேட்டிருக்கிறோம். சிலருக்கு உண்மையிலேயே நிழலில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதுதான் ஓய்வு. அவர்களை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் நனைப்பதும் ஒருவகைத் துன்புறுத்தல்தான். ஆனால் இருபது ஆண்டுகளாக ஒருவரும் கேட்காத ஒன்றை விரும்பாமலிருக்கவும் மனிதன் பழகிக்கொள்கிறான். அந்தப் பழக்கத்தையும் விருப்பத்தையும் எப்படிப் பிரித்தறிவது? பைகளை நாம் வாங்கி வைத்துக்கொண்டு, குழந்தையை நம் மடியில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு கேட்டுப் பார்க்க வேண்டும். சுமையை அவர் தலையில் வைத்துக்கொண்டே "வருகிறாயா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? வீட்டைப் பார்த்துக்கொள்ள நன்னியை விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். பூட்டு எதற்கு இருக்கிறது?

அடுப்புப் பிரச்சினைக்கு ஒகேனக்கல்லிலேயே வழியிருக்கிறது. அங்கே மீனும் சாமான்களும் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். ஆற்று மீனில் ஹலால் ஹராம் என்ற குழப்பமும் நமக்கில்லை. வீட்டுப் பெண்களின் ஒருநாள் ஓய்வுக்கு அந்தச் செலவு பெரிதல்ல. ஆனால் நம் வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வு கொடுக்க இன்னொரு வீட்டுப் பெண் புகையில் நிற்கிறாள் என்பதை மறந்து கூலியில் பேரம் பேசக் கூடாது. பரிசல் ஓட்டுபவருக்கும், எண்ணெய் தேய்த்து விடுபவருக்கும் இதே நியாயந்தான். வெள்ளம் வந்தால் அவர்களுக்கு வேலை இல்லை. நமக்கு ஒருநாள் ஏமாற்றம், அவர்களுக்கு அடுப்பு எரியாத நாள்கள். வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

தொழுகை விஷயத்தில் முன்கூட்டியே திட்டம் வேண்டும். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். கஸ்ருக்குரிய தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்று கணக்கிடப்படுவதால், தருமபுரியிலிருந்து போகிறவர் முஸாபிர் ஆகமாட்டார்; லுஹரும் அஸரும் முழுமையாகவே தொழ வேண்டும். சேலத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வருகிறவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. ஒளுவுக்குக் காவிரியே ஓடுகிறது. கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கே. ஆண்களுக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை. ஈர உடையை மாற்றவும், ஒளுச் செய்யவும், மறைவாக நின்று தொழவும் பெண்களுக்கு எங்கே வசதி? ஒரு அறையைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டால் அவர்கள் தொழுகையும் தப்பாது, குளிக்கவும் கூச்சமிராது. வேன் வாடகை பேசும்போதே அந்த அறை வாடகையையும் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். கூட்டம் சேராத காலை நேரத்தில் போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. பஜ்ரு தொழுததும் புறப்பட்டால் முடியும்.

ஆறு அழகானது; ஆனால் இரக்கமற்றது. கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. விழும் தண்ணீர் புகையாய் எழும்புவதால் வந்த பெயர். அந்தப் புகைக்கு அடியில் பாறை இடுக்குகளும் சுழல்களும் உண்டு. 2015-இல் பரிசல் கவிழ்ந்து, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர் சிலர் மாண்டுபோனார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. எனவே லைஃப் ஜாக்கெட் அணியாமல் யாரும் பரிசலில் ஏறக் கூடாது. அனுமதி இல்லாத துறையில் இறங்கக் கூடாது. ஆனால் ஆபத்து என்ற இந்தக் காரணத்தை நாம் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லுகிறோம் என்பதுதான் வேடிக்கை! பத்து வயதுப் பையன் பாறை மேல் ஏறினால் "சூட்டிகையான பையன்", பன்னிரண்டு வயதுப் பெண் ஏறினால் "விழுந்து தொலைக்கப் போகிறாய், இறங்கு." பாறை இருவருக்கும் ஒரே அளவுதான் வழுக்குகிறது. ஏறத்தக்க இடமானால் இருவரும் ஏறட்டும், நாம் கீழே நிற்போம். ஏறத்தகாத இடமானால் இருவருமே இறங்கட்டும். பரிசல் ஓட்டுபவர் மூங்கில் பின்னிய அந்த வட்டக் கூடையை நடு ஆற்றில் சுழற்றி விடும்போது, உடம்பைப் போர்த்திய ஆடையின் மேல் அந்த ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு நம் பெண்ணும் ஒருமுறை கத்திச் சிரிக்கட்டுமே.

பென்னாகரத்தைத் தாண்டியதும் காடு வரும். 2014-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வழியோரக் குரங்குகளுக்குப் பிஸ்கட் வீசுவதைப் பிள்ளைகள் தர்மம் என்று நினைக்கிறார்கள். அது தர்மமன்று, அவற்றைச் சாலைக்கு இழுத்து வண்டிச் சக்கரத்தில் தள்ளும் வேலை. வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையத்தையும் தொங்கு பாலத்தையும் காட்டுங்கள். அதில் எல்லோருக்கும் பங்குண்டு.

இன்னொன்று. கர்நாடகத்தில் மழை பெய்து கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பினால், பிலிகுண்டுலுவைத் தாண்டி வெள்ளம் வந்து சேரும். மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் விடவும் தடை போடும். ஆடி, ஆவணியில் இது அடிக்கடி நடப்பது. சனிக்கிழமை இரவே விசாரித்துவிட வேண்டும். இவ்வாண்டு நாம் அப்படித்தான் விசாரித்தோம், தடை என்றார்கள். பையன்கள் அழுதார்கள். "அப்படின்னா வத்தல்மலை போவோம்" என்றார் நம் வீட்டம்மா, யாரும் கேட்காமலேயே. மலையிலே ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நெடுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியோரம் நின்றோம். ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.