கூடுதுறையில் ஒரு பிடி காப்பரிசி

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறைப் படியில் ஓர் அம்மா மகளுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மஞ்சள், வெல்லப் பிசுபிசுப்பு, முடிச்சு நழுவியது.

"ஆடாம நில்லு கண்ணு!"

"இது காவேரி, அது பவானி. மூணாவது ஆறு எங்கம்மா?"

"அமுத நதி அடியில ஓடுது சாமி. கண்ணுக்குத் தெரியாது."

கூடுதுறைச் சங்கமேஸ்வரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்கு 1804-இல் கலெக்டர் வில்லியம் கேரோ தந்தக் கட்டில் காணிக்கை கொடுத்தார். மழை இரவில் அம்மன் சிறுமியாக வந்து எழுப்பி, இடிந்து விழவிருந்த பங்களாவிலிருந்து அவரை வெளியே கூட்டிப்போனாள் என்பது ஊர்க்கதை. கலெக்டருக்குத் தந்தக் கட்டில் கட்டுப்படியாகும். இந்த அம்மாவின் காணிக்கை காதோலை கருகமணியும் ஒரு பிடி காப்பரிசியும்தான். தனக்கென்று எதையாவது வேண்டியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்.

நிழலில் கோடு போட்ட ஜமக்காளம் விரிந்தது. எல்லோருக்கும் கட்டுச்சோறு போட்டுவிட்டு, தூக்குப்போசியில் ஒட்டியிருந்த புளிச்சோற்றை அவர் வழித்துக்கொண்டிருந்தார். மகள் தன் காப்பரிசியில் பாதியைக் கொண்டுவந்து அவர் வாயில் திணித்தாள். வாய் நிறைந்திருந்ததால் திட்டக்கூட முடியவில்லை, சிரிப்பில் புரையேறியது.